பல்லால் கேட்டவன்

இராசையா என்ஜினை அணைத்து, சாவியை எடுத்துக்கொண்டு இறங்கிய பிறகும் ஜீப்புக்கு அடியில் ஏதோ ஒரு தடவை மென்றது. சூடு ஆறும் இரும்பு டிக் டிக்கென்று சொடுக்கும்; அது எல்லா வண்டியிலும் உள்ளதுதான். இது சொடுக்கவில்லை. எச்சில் ஊறிய வாய் எதையோ கன்னத்தில் ஒதுக்கிக் கடைசியாக ஒரு மெல்லு மென்று நிறுத்துகிற சத்தம். மாயாண்டி ஸ்பேனரைத் துடைப்பதை விட்டுவிட்டுப் பக்கத்தில் நின்ற சீனியைப் பார்த்தான். சீனி அவன் மனைவி செல்லாயியின் தம்பி, இரண்டு காதும் கூர்மையான ஆள். அவன் பாட்டுக்குக் கச்சான் கடலை கொறித்துக்கொண்டு நின்றான். அவனுக்கு எதுவும் கேட்டதாகத் தெரியவில்லை.

மாயாண்டிக்குக் கேட்டதுதான் கோளாறு. அவனுடைய வலது காது செத்துப் பல வருடம் ஆகிறது, இடது காது பாதிதான். ஈப்போ பக்கம் மெங்லெம்புவிலிருந்து பத்து காஜா ஊர் வரைக்கும், வண்டிச் சத்தத்தை வைத்தே வியாதி சொல்லுகிறவன் என்று பெயர் வாங்கியவனுக்கு இப்படி ஒரு கதி. விஷயம் வெளியே தெரிந்தால் செவிட்டு மெக்கானிக்கிடம் யார் வண்டியை விடுவார்கள்? பட்டறையை இழுத்து மூடிவிட்டுப் போகவேண்டியதுதான். அதனால் செல்லாயியிடம்கூட அவன் மூச்சு விட்டதில்லை.

பிழைப்பை ஓட்ட அவனிடம் ஒரு இரும்புக் கம்பி இருந்தது. வண்டிக்கு அடியில் படுத்து, கம்பியின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு மறுமுனையை ஓடுகிற கியர் பெட்டியின்மேல் வைத்தால், சத்தம் தாடை எலும்பு வழியாக நேரே மண்டைக்குள் ஏறிவிடும். காது எதற்கு? எந்தப் பேரிங் தேய்ந்தது, எந்தப் பல்சக்கரம் மூளியானது என்பதெல்லாம் அவனுக்குப் பல்லிலேயே தெரிந்துவிடும். அது மச்சானின் ஏதோ கிறுக்குப் பழக்கம் என்று சீனி நினைத்திருந்தான்.

அப்படிப்பட்டவனுக்குக் கம்பி இல்லாமல், காற்றிலேயே, அந்த மெல்லுதல் கேட்டது. காது திரும்புகிறதோ என்று ஒரு நிமிடம் சந்தோஷம்கூடப் பட்டான், பாவம்.

இராசையா ரப்பர்த் தோட்டத்தில் பெரிய கிராணியாக, தலைமைக் குமாஸ்தாவாக, இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளைக் கால்சட்டையில் ஒரு பொட்டு அழுக்கு இல்லை. பட்டறைக்குள் கால் வைக்கவே யோசித்துக்கொண்டு வாசலில் நின்றார்.

"தோட்டம் வித்தவுடனே நான் எடுத்த ஜீப் தம்பி. நாலு சில்லும் இழுக்கும். இவ்வளவு நாளும் சத்தமே இல்ல. இப்ப கொஞ்ச நாளா அடியில ஏதோ செய்யுது. என்ர மனுசி இதில ஏற மாட்டன் எண்டு நிக்கிறா."

"எப்படிச் சத்தம் ஐயா? ஊளை மாதிரியா, கடகடன்னா?"

இராசையா கைக்குட்டையை எடுத்து வாயைத் துடைத்தார். "வெத்திலை போடுற சனம் மெல்லுமே, அப்பிடி. எனக்கு அந்தப் பழக்கத்தைப் பாத்தாலே அருவருப்பு. நான் ஈப்போவுக்குப் போட்டு பின்னேரம் வாறன், நீர் பாத்து வையும்."

சீனியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு மாயாண்டி ஜீப்பை லஹாட் சாலையில் விட்டான். மிதித்தால் வேகவேகமாக மென்றது. காலை எடுத்தால் மெதுவாக, ருசி பார்த்து மென்றது. நியூட்ரலில் உருளவிட்டாலும் விடவில்லை. அப்படியானால் என்ஜின் இல்லை. பழைய ஈயச் சுரங்கக் குட்டைப் பக்கத்து மணல் திடலில் இடமும் வலமுமாக வளைத்து ஓட்டினான். முன்சக்கர மூட்டு என்றால் வளைவில் சத்தம் மாறும், சக்கரப் பேரிங் என்றாலும் பாரம் சாயும்போது மாறும். எதுவும் மாறவில்லை. மெங்லெம்புக் கச்சான் வறுபடும் வாசனை வழக்கம்போலக் காற்றில் வந்தது. அதற்குக் கீழே, வண்டித் தரையிலிருந்து, இன்னொரு நாற்றமும் மெல்ல வந்துகொண்டிருந்தது.

"உனக்கு என்னடா கேக்குது?"

"லேசா இரையுது மச்சான். பழைய ஜீப்பு, இரையத்தான் செய்யும் லா."

பட்டறைக்குத் திரும்பி, முன்சக்கரங்களுக்குப் போகும் சுழல் தண்டைக் கழற்றிவிட்டு கியரில் ஓடவிட்டார்கள். சத்தம் இருந்தது. பின்தண்டைக் கழற்றும்போது அதன் கழுத்தில் நார் சுற்றியிருந்தது. லாலான் புல்லும் சணலும் இப்படிச் சுற்றிக்கொள்வது சகஜம், மாயாண்டி கத்தியால் வெட்டி இழுத்தான். இழுக்க இழுக்க வந்தது. நாரல்ல, தலைமயிர். நீளமான, எண்ணெய் தேய்த்த தலைமயிர். நிமிர்ந்து பார்த்தான். தண்டுக்கு நேர் மேலே, தோட்ட ஜீப்பில் களைவெட்டும் பெண்களை ஏற்றிப் போகும் பின்தளத்தில், ஒரு ஓட்டையைப் புதுத் தகட்டால் மூடி ரிவெட் அடித்திருந்தார்கள். அவன் மயிரைக் குப்பையில் எறிந்து, கையைக் கால்சட்டையில் பல தடவை துடைத்தான்.

இரண்டு தண்டும் இல்லை, சக்கரம் எதுவும் சுற்றவில்லை, ஆனாலும் மென்றது. மீதி இருந்தது ஒரே இடம்தான்: கியர் பெட்டிக்குப் பின்னால் இருக்கும் சின்னப் பெட்டி, என்ஜின் சக்தியை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துக் கொடுப்பது. அதன் அடித்திருகைக் கழற்றினான். எண்ணெய் வரவில்லை. விரலை விட்டுக் கிண்டினான்.

நாற்றம் முதலில் இறங்கியது. தாளிட்ட கொட்டகையில் மழைக்காலம் முழுக்கக் கிடந்து புளித்த கட்டிப்பாலின், உறைந்த ரப்பர்ப் பாலின், நாற்றம். பால்மரத் தோட்டத்தில் பிறந்தவனுக்கு அதைச் சொல்லித் தரவேண்டியதில்லை, அந்த நாற்றம் வேண்டாமென்றுதான் அவன் தோட்டத்தைவிட்டே ஓடிவந்தான். அதோடு வெற்றிலையும் புகையிலையும் கலந்து, விடிந்தும் கொப்பளிக்காத வாயின் நாற்றமும் சேர்ந்து வந்தது. அவன் விரலை வெளியே இழுத்தான். சீனி வெளியே ஓடி, தின்ற கச்சானையெல்லாம் சாக்கடையில் கக்கினான்.

"எவனோ திருட்டுப்பய கட்டிப்பால அடைச்சு வச்சிருக்கான்டா," என்றான் மாயாண்டி. தேய்ந்த பெட்டியில் ரப்பரையோ மரத்தூளையோ திணித்துச் சத்தத்தை அமுக்கி ஏமாளி தலையில் கட்டுவது தொழிலில் உள்ள அயோக்கியத்தனம்தான். அவனுக்குக் கோபமும் வந்தது, நிம்மதியும் வந்தது. வியாதி தெரிந்துவிட்டது, பெயர் தப்பித்தது.

பக்க மூடியைக் கழற்றிவிட்டுக் கையாலேயே வழித்து ஒரு தட்டில் போட்டான். வெதுவெதுப்பாக இருந்தது. இழுத்தால் நீண்டது, விட்டால் விரலைப் பிடித்துக்கொண்டு உள்ளே போகப் பார்த்தது. கருப்பும் வெள்ளையுமாக வந்தது, அப்புறம் சிவப்பாக வந்தது. துரு என்று சொல்லிக்கொண்டான். நடுவில் மயிர்க் கற்றைகள். மோவாயில் தெறித்த ஒரு சொட்டைத் தோளில் துடைத்தான், அது ஒட்டிக்கொண்டது. தட்டு நிறைந்த பிறகு பெட்ரோல் ஊற்றிக் கழுவினான். உள்ளே பல்சக்கரங்கள் வெள்ளையாக, ஒரு குறையும் இல்லாமல் பளபளத்தன. தேய்மானம் எங்கே என்று தேடினான். தேய்மானம் இல்லை.

புது எண்ணெய் ஊற்றி மூடும்போது கிளேடாங் மலையிலிருந்து மழை இறங்கிவிட்டது. இராசையா குடையோடு வந்தார். வாசலில் இருந்த தட்டைப் பார்த்தவர் குடையை மடக்க மறந்து நின்றார்.

"இதை ஏன் வெளியில எடுத்தனீர்?"

"ஐயாவ எவனோ ஏமாத்தியிருக்கான். அடைச்சு வித்திருக்கான்."

"ஏமாத்தேல்ல. தோட்டத்து ஃபிட்டர் அப்பாவு எனக்குத் தெரியத்தான் அடைச்சவன். சத்தம் வந்தால் மேல இன்னும் போடுங்கோ, ஒருநாளும் எடுக்காதேங்கோ எண்டவன். ரப்பர் அடைச்ச வண்டியில ஓடுறன் எண்டு காலமை உம்மட்டச் சொல்ல வெக்கமாப் போச்சு."

"எதுக்கு எடுக்கக் கூடாதாம்?"

இராசையாவின் கண் ஜீப்பின் பின்தளத்துப் புதுத் தகட்டுக்குப் போய்த் திரும்பியது. "வெத்திலை வாயோட ஒரு களைவெட்டுக்காரி அதில இருந்தவள், தலைமயிர் தண்டில சுத்தினது. அதுக்கு மேல நான் கேக்கேல்ல," என்றார்.

மாயாண்டி பெட்டியைத் திரும்பிப் பார்த்தான். ஆனால் கிராணி பார்த்துக்கொண்டு நிற்கிறார். சத்தம் போய்விட்டது என்று காட்டாமல் சாவியைக் கொடுத்தால் பெயர் என்னாவது? சீனியை ஏறி ஸ்டார்ட் பண்ணச் சொன்னான். தகரக் கூரையில் மழை கொட்டியது. அந்த இரைச்சலில் நல்ல காதுக்கே ஒன்றும் கேட்காது. கம்பியை எடுத்துக்கொண்டு ஜீப்புக்கு அடியில் நகர்ந்து படுத்தான். முனையைக் கடித்தான். மறுமுனையைப் பெட்டியின்மேல் வைத்தான்.

சுத்தமாக ஓடியது. புது எண்ணெயில் பல்சக்கரங்கள் வழுக்கிச் சுற்றும் சீரான இரைச்சல். அப்பாடா என்று மூச்சு விட்டான்.

அதற்குப் பின்னால், மெதுவாக, ஆரம்பித்தது.

சப். சப். சப்.

நாக்கு புரண்டது. வெற்றிலைக் காம்பு நொறுங்கியது. இப்போது நடுவில் எந்த அடைப்பும் இல்லை, கம்பி வழியாகப் பல்லுக்கு நேரே வந்தது. கம்பி புளித்தது. பிறகு காரமாக, புகையிலைச் சாறாக இருந்தது. துப்ப நினைத்தான். தாடை திறக்கவில்லை.

மெல்லுதல் நின்றது.

நின்று, கேட்டது. இவன் இங்கே கடித்துக்கொண்டு கேட்பது மாதிரியே, அந்த முனையை அது கடித்துக்கொண்டு கேட்டது. அதன் மூச்சு கம்பியில் அதிர்ந்தது. கம்பி ஒரு தடவை, லேசாக, அந்தப் பக்கம் இழுபட்டது.

மாயாண்டி காலால் தரையை உதைத்தான். சீனி என்ஜினை அணைத்தான். கம்பி எப்படியோ வாயிலிருந்து நழுவிச் சிமெண்டுத் தரையில் விழுந்து உருண்டது. பெட்டி அசையவில்லை. மழையும் விட்டுவிட்டது.

சப். சப்.

சத்தம் ஓயவில்லை. மேலே பெட்டியைப் பார்த்தான். அங்கேயிருந்து வரவில்லை. கன்னத்தில் கையை வைத்தான். கைக்குள் தாடை ஏறி இறங்கியது. அவன் ஆட்டவில்லை. இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தான். கையோடு சேர்த்து ஆட்டியது. உதட்டோரம் சூடாக ஏதோ வழிந்தது. சிவப்பு.

சீனி குனிந்து, காலைப் பிடித்து அவனை வெளியே இழுத்தான். இராசையா கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் போனார். இன்னும் பின்னால் போனார்.

"மச்சான், இப்ப எனக்கும் கேக்குது லா," என்றான் சீனி. "எங்கேருந்து வருது?"

மாயாண்டியின் நாக்கில் நார் தட்டியது. விரலை விட்டுப் பிடித்தான். எண்ணெய் தேய்த்த மயிர். இழுத்தான். வந்தது. இன்னும் இழுத்தான். தொண்டைக்குக் கீழேயிருந்து, நெஞ்சுக்குக் கீழேயிருந்து, முழம் முழமாக வந்தது. அப்புறம் விரலில் இறுகியது. உள்ளேயிருந்து அதன் மறுமுனையை ஒரு கை பிடித்து மெதுவாக இழுக்க ஆரம்பித்தது.