தொப்பி மட்டும் வந்த போட்டோ

லூடி அத்தை படியில் இறங்கினால் வீடு முழுவதற்கும் தெரிந்துவிடும்.

சிகாகோவின் தெற்குப் பக்கத்தில், ஒரு மூன்று மாடி வீட்டின் நடு மாடியில் நாங்கள் குடியிருந்தோம். அப்பாவின் அக்காவான லூடி அத்தை மேல் மாடியில் இருந்தாள். வீட்டின் பின்பக்கம் மரப்படிகள். காலையில் லாண்டரி வேலைக்குப் புறப்படும்போது அத்தை அதில் சும்மா இறங்க மாட்டாள். டக், டக், டடக் என்று தாளம் போட்டுத்தான் இறங்குவாள்.

"நம்ம வீட்டு பேண்டு வாத்தியம் கிளம்பிடுச்சு," என்பார் அப்பா.

அத்தை நல்ல உயரம். நல்ல அகலமும்கூட. எங்கள் குடும்பத்திலேயே அவள்தான் நல்ல கறுப்பு. அவள் சிரித்தால் வலது கன்னத்தில் குழி விழும். எனக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

ஒவ்வொரு வசந்தத்திலும் எங்கள் சர்ச்சின் கீழ்த்தளத்தில் ஓர் உடை அணிவகுப்பு நடக்கும். அதற்கென்று மாடல் அழகிகள் யாரும் வர மாட்டார்கள். பாடகர் குழுவில் பாடுகிறவர்கள், ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவர்கள், பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர்கள் என்று நாங்கள் தினமும் பார்க்கும் பெண்கள்தான் தாங்களே தைத்த உடையில், தொப்பியோடு நடந்து வருவார்கள். எப்போதும் கடைசியில் வருவது லூடி அத்தை. அவளுக்குப் பிறகு நடக்க யாருக்கும் தைரியம் கிடையாது.

அவள் வந்ததும் கூட்டம் மொத்தமும் எழுந்து நிற்கும். "நட, லூடி, நட!" என்று கத்தும். எங்கள் பாஸ்டர்கூடக் கத்துவார்.

எனக்கு ஒன்பது வயதான அந்த வருடம் மட்டும் எல்லாம் மாறிப்போனது. அத்தை படியில் சத்தமே இல்லாமல் இறங்க ஆரம்பித்தாள். ஏன் என்று எனக்குப் புரியவில்லை.

அணிவகுப்புக்கு இரண்டு வாரம் இருக்கும்போது சிஸ்டர் க்ரம்ப் பட்டியலோடு அத்தை வீட்டுக்கு வந்தார். சர்ச்சில் மூத்த பெண்களை 'சிஸ்டர்' என்றுதான் கூப்பிடுவோம். அணிவகுப்பை நடத்துவது அவர்தான். அவர் பேனாவைத் திறந்தால் யாரும் மறுத்துப் பேச முடியாது.

"லூடி, கடைசி ஆளா உன் பேரைப் போட்டுட்டேன்."

"அடிச்சிடுங்க சிஸ்டர். இந்த வருஷம் நான் நடக்கல. கேக்கு வெட்டித் தர்றேன்."

சிஸ்டர் க்ரம்பின் பேனா அப்படியே நின்றது. "கேக்கு வெட்ட ஆயிரம் பேர் இருக்காங்க. உடம்புக்கு ஏதாவதா?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. உடம்புதான் பிரச்சினை," என்று சொல்லிவிட்டு அத்தை உள்ளே போய்விட்டாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவளுடைய புது உடை தையல் மிஷின் மேல்தான் கிடந்தது. மஞ்சள் துணி, வெள்ளைப் பொத்தான். பக்கத்தில், துணியின் மேல் வைத்து வெட்டும் அளவுத் தாள் வந்த உறை. அதன் மேல் துடைப்பக்குச்சி மாதிரி ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம். அத்தையின் உடம்புக்கு ஏற்ற அளவுத் தாள் கடையில் கிடைக்காது. அவள் இரண்டு தாள்களை ஒட்டி, வெட்டி, தானே கணக்குப் போட்டுத் தைப்பாள்.

பொத்தான் டப்பாவைத் தேடி மேசை இழுப்பறையைத் திறந்தேன். அடியில் மடித்த பத்திரிகைத் துண்டு ஒன்று இருந்தது.

அது போன வருடத்து அணிவகுப்பு. எங்கள் ஊர்க் கறுப்பர்களின் வாரப் பத்திரிகை அப்போதுதான் முதல் தடவையாக ஆள் அனுப்பியிருந்தது. படத்தில் பதினொரு பெண்கள் வரிசையாக நின்றார்கள். ஒல்லியாக, சிவப்பாக இருந்தவர்கள் முன்னால். பின்வரிசையின் ஓரத்தில் ஒரு பெரிய தொப்பி. அதற்குக் கீழே இருட்டு. இருட்டுக்குள் இரண்டு கண்ணும் கொஞ்சம் பல்லும்.

கீழே பத்துப் பேரின் பெயர்கள் வரிசையாக அச்சாகியிருந்தன. கடைசியில், 'மற்றும் ஒருவர்.'

"அதை எதுக்குடி எடுத்த?" அத்தை பின்னால் நின்றிருந்தாள்.

"அத்தை, இது நீங்களா?"

"நான் இல்ல. என் தொப்பி," என்றாள். சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "லாண்டரியில என்கூட வேலை பார்க்கிற ஓட்டிஸ், போன மாசம் இதை எங்கேயோ தேடிப் பிடிச்சுச் செவுத்துல ஒட்டி வச்சுட்டு, 'லூடி, இந்தத் தொப்பி யாரைப் போட்டுட்டு வந்திருக்கு?'ன்னு கேட்டான். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். வேற என்ன பண்ணச் சொல்ற?"

"அவனுக்குக் கண்ணு தெரியல!"

"கேமராவுக்கும் தெரியலையே, ஜோனெட்டா. பார்லர்ல கிடக்கிற புத்தகங்களை நீயும்தான் பார்க்கிற. நம்மாளு யாராவது வர்றாளா? எப்பவாவது ஒருத்தி வந்தா, அவளும் பால் நிறைய ஊத்தின காப்பி நிறத்துல, ஊசி மாதிரி இருப்பா. என்னை மாதிரி ஒருத்தி படத்துல வரணும்னா அப்ரன் கட்டிக்கிட்டு மாவு பிசையணும். அப்பதான் விடுவாங்க."

அவள் கண் கலங்கியது. நான் அதுவரை லூடி அத்தை அழுது பார்த்ததே இல்லை.

அடுத்த நாள் திங்கட்கிழமை. அத்தைக்கு லாண்டரியில் லீவு, எங்கள் பள்ளிக்கும் லீவு. ஊரார் துணியைத் துவைக்கிறவள் தன் துணியைத் துவைக்கும் நாள் அது. பின்பக்கத்து பால்கனியில் கொடி கட்டி, வெள்ளைப் படுக்கை விரிப்புகளை உதறிப் போட்டாள். நான் கிளிப் எடுத்துக் கொடுத்தேன்.

நல்ல வெயில். இரண்டு விரிப்புகளுக்கு நடுவே நின்று அத்தை திரும்பிப் பார்த்தாள். நான் கையிலிருந்த கிளிப்பைக் கீழே போட்டுவிட்டேன்.

அவள் முகம் முழுவதும் வெளிச்சம். தாடையோரம் இருந்த சின்ன மச்சம் தெரிந்தது. நெற்றியின் மினுமினுப்பு தெரிந்தது.

"என்னடி வாயைப் பொளந்துட்டு நிக்கிற?"

"அத்தை, அப்படியே நில்லுங்க!"

ஒரு விரிப்பை விலக்கினேன். முகம் பழையபடி நிழலுக்குள் போனது. இழுத்து விட்டேன். வெளிச்சம் திரும்பி வந்தது. விலக்கினேன். இழுத்தேன்.

"துவைச்ச துணியில அழுக்குக் கையை வைக்காத!" என்று அத்தை அதட்டினாள்.

அதை நான் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. கீழே ஓடி, ஒரு வெள்ளைத் தலையணை உறையை மடியில் விரித்துக்கொண்டு ஜன்னல் பக்கத்தில் உட்கார்ந்தேன். கைக்கண்ணாடியில் பார்த்தேன். உறை இருந்தால் என் முகம் பளிச்சென்று தெரிந்தது. உறையை எடுத்தால் மூக்குக்குக் கீழே எல்லாம் இருட்டு. அத்தையின் முகத்தில் எந்தக் குறையும் இல்லை. வெளிச்சம்தான் அவளிடம் சரியாகப் போய்ச் சேரவில்லை!

அணிவகுப்பு நாளும் வந்தது. சர்ச்சின் கீழ்த்தளம் பொரித்த கோழியும் பெர்ஃப்யூமும் கலந்து மணத்தது. ஜன்னலோரம் நீள மேசை, அதன் மேல் வெள்ளை விரிப்பு, அதன் மேல் ஏழு கேக்குகள். மேசைக்குப் பின்னால் கத்தியோடு லூடி அத்தை. மஞ்சள் உடையைத்தான் போட்டிருந்தாள். ஆனால், அதை மறைத்துப் பெரிய அப்ரன் கட்டியிருந்தாள்.

போட்டோக்காரர் மிஸ்டர் பெட்டவே மூலையில் கேமராவைப் பொருத்திக்கொண்டிருந்தார். குட்டை மனிதர், நெட்டை டை. நான் நேராக அவரிடம் போனேன்.

"சார், போன வருஷம் எங்க அத்தை முகமே வரல."

"ஓரத்துல நின்னா அப்படித்தான் பாப்பா."

"எங்க அத்தை நல்ல கறுப்பு. நீங்க அதுக்குத் தகுந்த மாதிரி எடுக்கல."

அவர் புருவம் உயர்ந்தது. "இருபது வருஷமா போட்டோ எடுக்கிறேன். பிலிம் டப்பாவுக்குள்ள ஒரு தாள் வரும். எவ்வளவு வெளிச்சம் வைக்கணும்னு அதுல இருக்கும். நான் அதுபடிதான் எடுக்கிறேன்."

"அந்தத் தாளைக் காட்டுங்க."

முணுமுணுத்துக்கொண்டே சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அதில் முத்து மாலை போட்ட, ஒல்லியான ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம் இருந்தது.

நான் தாளைப் பார்த்தேன். கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தேன். மறுபடியும் தாளைப் பார்த்தேன்.

"இந்த அம்மா எங்க சர்ச்சுல இல்லையே, சார்."

மிஸ்டர் பெட்டவே அந்தத் தாளைத் தானும் வாங்கிப் பார்த்தார், முதல் தடவையாகப் பார்ப்பது போல.

"இல்லதான்," என்றார் மெதுவாக.

"வெள்ளைத் துணியைக் கிட்டப் பிடிச்சா முகம் தெரியும். நான் வீட்டுல செஞ்சு பார்த்தேன்."

அவர் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஜன்னலோரம் நடந்தார். வெளிச்சம் அளக்கும் சின்னக் கருவியை எடுத்து அத்தையின் கன்னத்துக்கு அருகே நீட்டினார்.

"என்ன மிஸ்டர் பெட்டவே, காய்ச்சல் பார்க்கிறீங்களா?" என்றாள் அத்தை. குரலில் சூடு இருந்தது. "போன வருஷமும் என்னை எடுத்தீங்க. என் தொப்பி ரொம்ப அழகா வந்திருந்துச்சு."

சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மிஸ்டர் பெட்டவே தன் தொப்பியைக் கழற்றினார்.

"அது என் தப்பு, மிஸ் லூடி. முன்னாடி நின்ன பொண்ணு முகத்துல மட்டும் வெளிச்சத்தை அளந்துட்டு மொத்தப் பேரையும் எடுத்துட்டேன். உங்க பேரைக்கூடக் கேக்கல. இன்னிக்கு உங்களைத்தான் முதல்ல எடுக்கப்போறேன். எனக்கு இன்னொரு வாய்ப்புத் தருவீங்களா?"

அத்தை கத்தியைக் கீழே வைத்தாள். என்னைப் பார்த்தாள். நான் கும்பிடாத குறையாக நின்றேன்.

"சரி," என்றாள் கடைசியில். "ஆனா இந்த அப்ரனோட இல்ல." அப்ரன் முடிச்சை அவிழ்த்து நாற்காலியில் எறிந்தாள். மஞ்சள் உடை பளீரென்று வெளியே வந்தது. யாரோ விசிலடித்தார்கள்.

"துணி!" என்றார் மிஸ்டர் பெட்டவே.

மேசை விரிப்பைத் தவிர அங்கே வேறு வெள்ளைத் துணி இல்லை. நான் நுனியைப் பிடித்து இழுத்தேன்.

"ஐயோ, என் எலுமிச்சை கேக்கு!" சிஸ்டர் க்ரம்ப் ஓடி வந்தார். ஒரு நிமிடத்தில் ஆளுக்கொரு கேக்கைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். விரிப்பின் ஒரு முனையை நான் பிடித்தேன். மறுமுனையைப் பிடிக்க உயரமான ஆள் வேண்டும். சிஸ்டர் க்ரம்ப்தான் உயரம்.

"நானா? நான் இந்த நிகழ்ச்சிக்குத் தலைவி!"

"கையை உயர்த்துங்க, தலைவியம்மா," என்றார் மிஸ்டர் பெட்டவே. அவர் உயர்த்தினார்.

ஜன்னல் வெயில் துணியில் விழுந்தது. துணியிலிருந்து அத்தையின் முகத்துக்குப் போனது. எலுமிச்சை கேக்கும் கையுமாகத் தலைவியம்மா துணி பிடித்து நின்ற கோலத்தைப் பார்த்து அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 'க்ளிக்!'

அந்தக் காலத்தில் போட்டோ எப்படி வந்திருக்கிறது என்று உடனே பார்க்க முடியாது. பத்திரிகை வரும் வரை காத்திருக்க வேண்டும். ஆனால் அத்தை காத்திருக்கவில்லை. தொப்பியைத் தலையில் வைத்து நேர் செய்தாள்.

"சிஸ்டர், பட்டியல்ல கடைசியில இடம் இருக்கா?"

"உன் பேரை நான் அடிக்கவே இல்லையே!" என்றார் சிஸ்டர் க்ரம்ப்.

அன்று அத்தை நடந்த நடையை இன்றைக்கும் நினைத்தால் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. இப்போது என் வயது அவளுடைய அன்றைய வயதைவிட அதிகம். எத்தனையோ பெரிய மேடைகளில் எத்தனையோ பேர் நடந்து பார்த்துவிட்டேன். "நட, லூடி, நட!" என்று கத்திக் கத்தி என் தொண்டை கட்டியது போல அப்புறம் ஒருநாளும் கட்டவில்லை.

வியாழக்கிழமை பத்திரிகை வந்தது. அத்தையும் நானும் சமையலறை மேசையில் விரித்தோம்.

பக்கத்தின் நடுவே பெரிதாக லூடி அத்தை. தொப்பி, அதற்குக் கீழே நெற்றி, கண்கள், தாடையோரத்து மச்சம், வலது கன்னத்துக் குழி. கீழே முழுப் பெயர்: 'மிஸ் லூடி மே டாலிவர், தானே தைத்த உடையில்.' படத்தின் ஓரத்தில், துணியைப் பிடித்தபடி நான்கு விரல்கள் மட்டும்.

"சிஸ்டர் க்ரம்ப் சண்டைக்கு வரப்போறாங்க," என்றேன்.

அத்தை காதில் அது விழவில்லை. நெடுநேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஜோனெட்டா, எனக்குக் கன்னத்துல குழி விழுதுடி!"

"எப்பவும் விழுமே, அத்தை. உங்களுக்குத் தெரியாதா?"

"கண்ணாடி முன்னாடி நின்னு நான் எங்கடி சிரிச்சேன்?"

சொல்லிவிட்டு மறுபடியும் சிரித்தாள். பத்திரிகையை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். தொப்பியை எடுத்தாள்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"லாண்டரிக்கு."

"இன்னிக்கு உங்களுக்குச் சாயங்கால ஷிப்ட்தானே? இன்னும் மூணு மணி நேரம் இருக்கே!"

"ஓட்டிஸோட செவுத்துல ஒண்ணு ஒட்ட வேண்டியிருக்கு," என்று கதவைத் திறந்தாள்.

நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

டக், டக், டடக். மூன்று மாடிப் படிகளும் தெரு வரைக்கும் தாளம் போட்டன.