தளபதி காலி

அன்று மாலை கணினி முன்னால் இருந்தவர்கள் மூன்றே பேர்: சிட்டு, அவள் சித்தப்பா மகன் வாலு, எதிர்வீட்டுத் தையற்காரரின் மகள். வேறு யாரும் இல்லை. சிட்டுவின் அண்ணன் காய்ச்சலில் போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது.

பழங்காலக் கோட்டையைக் கூட்டாகக் காக்கும் விளையாட்டு அது. புதிய போர் தொடங்குவதால் எல்லோரும் மறுபடி பாத்திரம் தேர்ந்தெடுக்க வேண்டும். சிட்டு அரசி. தையற்காரர் மகள் அமைச்சர். வாலு வழக்கம்போலக் குதிரைக்காரன். தளபதி எப்போதும் சிட்டுவின் அண்ணன்தான்.

வாலு பட்டியலை எழுத்துக் கூட்டிப் படித்தான். "அரசி... இருக்காங்க. அமைச்சர்... இருக்காங்க. தளபதி... காலி!"

சொன்ன வேகத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டான். ஆள் ஒழிந்தான் என்பதற்கும் அதே சொல்தானே!

"நான் அப்படிச் சொல்லலக்கா. அதுல அப்படித்தான் போட்டிருக்கு."

"தெரியும்டா" என்றாள் சிட்டு.

"ஆறு மணிக்குள்ள தளபதி வரலன்னா கோட்டையை அழிச்சிடுவாங்களாம்" என்றாள் தையற்காரர் மகள்.

"அழியட்டும். அது எங்கண்ணன் இடம். யாரும் வரக் கூடாது."

"மதில் கட்டினதும் உங்கண்ணன்தானே? அதுவும் போயிடுமேடி."

சிட்டு திரையைப் பார்த்தாள். கிழக்குக் கோபுரத்தில் ஒரு ஜன்னல் கோணலாக இருந்தது. சரிசெய்யச் சொன்னபோது, "இருக்கட்டும், எதிரி சிரிச்சே விழுவான்" என்றான் அண்ணன்.

மணி ஐந்து ஐம்பது.

"நீயே தளபதி ஆயிடேன்" என்றாள் தையற்காரர் மகள்.

"என்னால முடியாது. வாளை எடுத்தாலே அழுதிடுவேன்."

அப்போதுதான் சிட்டு வாலுவைக் கவனித்தாள். இரண்டு கைகளையும் தொடைக்கடியில் அழுத்தி வைத்திருந்தான். தான் ஆசைப்படுவதாக யாரும் நினைத்துவிடக் கூடாதாம்.

"வாலு, நீ ஆகுறியா?"

"நானா? அண்ணன் மாதிரி எனக்கு வராதுக்கா. வாளைத் தலைகீழாப் பிடிப்பேன்."

"அண்ணன் மட்டும் என்னவாம்? முதல் நாள் நம்ம குதிரையையே வெட்டினான்."

மூவரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே சிட்டுவுக்கு அழுகை வந்துவிட்டது. அழுதபடியே வாலுவின் விரலைப் பிடித்துப் பொத்தானில் வைத்து அழுத்தினாள். 'காலி' மறைந்தது. கோட்டை நின்றது.

மறுநாள் பள்ளியில், தையற்காரர் மகள் சொன்னது வாய்க்கு வாய் மாறி, ஒரு பேச்சு கிளம்பியது. செத்துப்போன அண்ணனின் இடத்தை வாலு அடம்பிடித்துப் பிடுங்கிக்கொண்டானாம், சிட்டுவை அழவைத்தானாம்.

அவள் அழுதது உண்மை. மற்றதெல்லாம் பொய். அவன் கேட்கவே இல்லை, அவள்தான் கொடுத்தாள்.