சன்னலடிப் பாத்தி

“செடியை மட்டும் இல்லைங்க. எங்க அண்ணனையும் அவங்கதான் கொல்றாங்க.”

வந்தவள் கையிலிருந்த கருகிய புதினாக் கொத்தை மேசைமேல் போட்டாள். பூட்டுக்காரர் நிமிர்ந்து பார்த்தார். திறக்காத பூட்டையும் திறக்காத வாயையும் திறப்பவர் என்று தெருவே சொல்லும் மனிதர் அவர். பக்கத்தில் நின்ற அவர் மனைவிக்கு நெஞ்சு திக்கென்றது. கூடவே துப்பறிய ஒரு வேலை வந்து வாசலில் நிற்கிற குஷியும்தான், பொய் சொல்வானேன்!

விஷயம் இதுதான். வந்தவளின் அண்ணன் கடிகாரம் பழுதுபார்ப்பவர், மூச்சுத்திணறல்காரர். ஒத்தாசைக்கு வந்த தங்கை, அவர் சன்னலுக்குக் கீழே செங்கல் கொட்டிக் கிடந்த பாத்தியைக் கொத்தி, உரம் கலந்து, புதினாவும் கற்பூரவல்லியும் நட்டாள். மற்றதெல்லாம் தளதளவென்று வர, சுவரோரம் நட்டவை மட்டும் மூன்று முறையும் செத்தன. அண்ணனும் நாளுக்கு நாள் மோசம். மருந்து கலக்கிக் கொடுப்பது அண்ணி.

“அதுல எதையோ கலக்கறாங்க. மிச்சத்த என் பாத்தியில ஊத்தறாங்க. அஞ்சு மணிக்குள்ள நீங்க ஒரு வழி சொல்லலன்னா நான் போலீசுக்குப் போறேன்.”

அப்போது மணி நான்கு.

மூவரும் அண்ணன் வீட்டுக்குப் போனார்கள். பாத்தியருகே குந்திய பூட்டுக்காரர் ஒரு பிடி மண்ணை முகர்ந்தார். புளித்த வாடை.

“கொதிதண்ணிங்க! வேறென்ன?” என்றாள் மனைவி.

“கொதிதண்ணியில எறும்பு குடியிருக்குமாடி?”

அப்போதுதான் அவளும் பார்த்தாள். கறுத்த மண்ணிலிருந்து சுவரேறி, சன்னல் கம்பிவரை ஒரே எறும்புச் சாரை.

உள்ளே அண்ணன் கண்மூடிப் படுத்திருந்தார். மேசைமேல் ஒரு கைக்கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

“எழுப்பிடாதீங்க,” என்று கிசுகிசுத்தாள் அண்ணி. “மூணு மணிக்குத்தான் மருந்து குடுத்தேன். குடிச்சா உடனே அடிச்சுப்போட்ட மாதிரி தூக்கம் வரும்னு டாக்டரே சொன்னார்.”

“இந்தக் கடிகாரம்?”

“எதிர்வீட்டு டீச்சரோடது. நான் மருந்து வைக்கறப்போ துண்டுதுண்டா கிடந்துச்சு...”

“நாடகம் போதும் அண்ணி!” தங்கை வெடித்தாள். “என்னத்தக் கலக்கினீங்கன்னு போலீஸ்ல சொல்லுங்க!”

அண்ணியின் முகம் சுண்ணாம்பாய் வெளுத்தது.

“எதுவும் கலக்கல,” என்றார் பூட்டுக்காரர். “அங்க செத்த எறும்பு ஒண்ணுகூட இல்லை. வேளாவேளைக்கு இனிப்பு மருந்து இறங்கி மண்ணு புளிச்சிருக்கு. எறும்பும் சமையல்கட்டுக்குப் போகலை, இந்தக் கம்பிக்கு வருது. மூணு மணிக்குத் தூங்கினவர் துண்டுதுண்டா கிடந்த கடிகாரத்த எப்படிப் பூட்டினார்?” கட்டிலைப் பார்த்தார். “குடிக்காம சன்னல் வழியா ஊத்தினது நீங்கதானே? கண்ணத் திறங்க ஐயா.”

கண்கள் திறந்தன. நனைந்திருந்தன.

“குடிச்சா கை பஞ்சாப் போகுது. திருகாணி பிடிக்க வரல. கையே போனப்புறம் மூச்சு எதுக்கு?”

“ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வேற மருந்து கேட்டிருப்பேனே,” என்றாள் அண்ணி. “அந்தப் புள்ள என்னைக் கொலைகாரின்னு நினைக்கற வரைக்குமா வாயை மூடிட்டுக் கிடப்பீங்க?”

அவள் மருந்தைக் கலக்கினாள். டம்ளரைக் கணவரிடம் கொடுக்காமல் நாத்தனாரிடம் நீட்டினாள். “இன்னிக்கு மட்டும் இதைக் குடிக்கட்டும். நாளைக்கு டாக்டர்கிட்ட நானே பேசறேன். நீயே குடு.”

அண்ணியின் முகத்தைப் பார்க்க முடியாமல் தங்கை வாங்கினாள். முதல் மடக்கைத் தானே குடித்தாள். பிறகுதான் அண்ணன் வாயருகே கொண்டுபோனாள்.

பூட்டுக்காரரின் மனைவி எட்டிச் சன்னலைச் சாத்தினாள். டீச்சரின் கடிகாரம் ஐந்தைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது.