தடயம் முந்நூறு பேர் தலையில்!

"ஆ... ஆ... ஆ...!"

சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு அலறல் கேட்டுப் பழகிய தெரு அல்ல அது. ஒஸ்லோவின் பணக்காரத் தெரு. அங்கே நாய்கூட மெதுவாகத்தான் குரைக்கும்.

அலறியவர் லொரென்சோ. 'காசா பெல்வெர்தே' என்ற இத்தாலிய வாசனைத் திரவியக் கடையின் ஒஸ்லோ மேலாளர்.

மூன்று வருடமாக அங்கே வேலை பார்க்கும் தர்மினி உள்ளறைக்கு ஓடி வந்தாள்.

கறுப்பு வெல்வெட் மெத்தை. நடுவில் ஒரு பள்ளம். பள்ளத்தில்...

ஒன்றுமே இல்லை!

"சிலென்சியோ! என் சிலென்சியோவைக் காணோம்!" லொரென்சோ நெஞ்சில் அடித்துக்கொண்டார்.

சிலென்சியோ ஒரு சென்ட். உலகத்திலேயே ஒரே ஒரு குப்பி. நூறு வருடத்துப் பழைய பாணியில் வெள்ளிக் குப்பி. உருண்டை வயிறு, நீளக் கழுத்து, வாயில் சின்னச் சின்ன ஓட்டைகள். தர்மினி தினமும் தூசி துடைப்பாள். ஆனால் முகர்ந்ததில்லை. ஊழியர் முகரக் கூடாது என்பது கடைச் சட்டம்!

இன்று மாலை முதலாளி, கிழவர் பெல்வெர்தே, இத்தாலியிலிருந்து வந்து அதை முகரப் போகிறார்.

"இந்த அறைக்கு இரண்டு சாவிதான். ஒன்று என்னிடம். மற்றது உன்னிடம்... திருடி!"

களவு வழக்கு விழுந்தால் தர்மினிக்கு வேலை போகும். மறியலில், கம்பிக்குள்ளே, இருக்கவும் நேரலாம். அதைவிடப் பயங்கரம், தமிழ்ச் சனம் ஆறு மாதத்துக்குக் கதைக்கும்!

போலீஸ் வந்தது. இரண்டு பேர். ஒருத்தி மேரின், உயரமான நோர்வேக்காரி. மற்றவன் தக்சன், ஒஸ்லோவின் ஹவுகன்ஸ்டுவாப் பகுதியில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பையன்.

மேரின் மெத்தைப் பள்ளத்தைச் சுற்றிச் சோக்கால் கோடு போட்டாள். பிணம் இல்லாதது மட்டும்தான் அவளுக்குக் குறை.

"இவளைக் கொண்டு போங்கள். குப்பியைத் தேட வேண்டாம்!" என்றார் லொரென்சோ.

தக்சன் நிமிர்ந்தான். "தேட வேண்டாமா?"

"போனது போனதுதான். என் இதயம் தாங்காது."

தக்சன் தேடினான். அலமாரிக்குப் பின்னால் ஒரு புடைவைக்கடைப் பை!

"அக்கா... இது என்ன?"

"பன்னீர்ச்செம்பு தம்பி. தெரிஞ்ச கனகம்மா அக்காட்ட இரவல் வாங்கினனான், திங்கக்கிழமை திருப்பிக் குடுக்கோணும். பன்னீரும் விட்டு வைச்சனான். இண்டைக்கு எங்கட சொந்தக்காரப் பெடியன் யதுர்ஷான்ர கலியாணம். காலமை மாமி வந்து எடுத்துக்கொண்டு போட்டா..."

தர்மினி நிறுத்தினாள்.

"எடுத்துக்கொண்டு போட்டா எண்டால்..." தக்சன் பைக்குள் இருந்த செம்பை எடுத்து மேசையில் வைத்தான். "இது ஏன் இஞ்சை கிடக்கு?"

உருண்டை வயிறு. நீளக் கழுத்து. வாயில் ஓட்டைகள்.

தர்மினி மெத்தையைப் பார்த்தாள். செம்பைப் பார்த்தாள்.

"ஐயோ... முன்னுக்கு ஆக்கள் நிண்டவை... சாவியைக் குடுத்து, 'உள்ளுக்கை இருக்கு மாமி, எடுங்கோ' எண்டு நான்தான் சொன்னனான்!"

தக்சன் சிரித்தான். "குப்பி இருக்கிற இடம் தெரிந்துவிட்டது!"

மகிழ்ச்சியில் துள்ள வேண்டிய லொரென்சோவின் முகம் வெளுத்துப்போனது. தக்சன் அதைக் கவனித்தான்.

"நீங்களும் வாருங்கள். அடையாளம் காட்ட வேண்டும்."

மேரின் கடைக்குக் காவல். போலீஸ் கார் கலியாண மண்டபம் இருந்த லோறென்ஸ்கூக்கை நோக்கிப் பறந்தது. தர்மினி மாமிக்குப் போன் அடித்தாள். மேளச் சத்தத்தில் மாமிக்கு எங்கே கேட்கும்!

மண்டப வாசலில் சிவநாயகி மாமி. பட்டுச் சேலை. கையில்... சிலென்சியோ!

"வாங்கோ, வாங்கோ!"

சளக்... சளக்... தக்சன் தலையில். சளக்... லொரென்சோ தலையில்! அடுத்த நொடி அவர் நெற்றியில் சந்தனம், குங்குமம்.

"மாமி, அதைக் கீழ வையுங்கோ!"

"ஏன் பிள்ளை கத்துறாய்? இவரோட முடிஞ்சுது. முந்நூறு பேருக்குக் காணாம, இழுத்துப் பிடிச்சுத் தெளிச்சனான்."

முடிந்தது! தர்மினி அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள்.

"அது பன்னீர் இல்லை மாமி! இத்தாலிச் சென்ட்! உலகத்தில ஒண்டே ஒண்டு!"

மாமி குப்பியை மூக்கருகே கொண்டுபோனாள்.

"ஆருக்கு விசர்? நாப்பது கலியாணத்தில பன்னீர் தெளிச்ச கை இது. இது சபாரத்தினத்தின்ர கடைப் பன்னீர். அதுவும் மணம் செத்த பழசு!"

லொரென்சோ மெல்லப் பின்னால் நகர்ந்தார். ஒரு அடி... இரண்டு அடி...

யார் மேலோ மோதினார். கையில் பாயசத்தோடு பலசரக்குக் கடைச் சபாரத்தினம்!

"அட, எங்கட பன்னீர்க்காரர்! கேக் எப்பிடி வந்தது?"

தக்சன் திரும்பினான். "இவரைத் தெரியுமோ ஐயா?"

"தெரியாமலோ? மாதம் ஆறு போத்தல் பன்னீர். கேக்குக்கு எண்டு வாங்குவார். பன்னீரில நீந்துற கேக்கை நான் கண்டதில்லைத் தம்பி!"

தக்சன் நோர்வேஜிய மொழியில் கேட்டான். "சிலென்சியோ எங்கே லொரென்சோ?"

லொரென்சோ உடைந்தார்.

"துளித்துளியாக விற்றுவிட்டேன்... எடுத்த அளவுக்குப் பன்னீர் ஊற்றினேன்... இன்று கிழவர் முகர்ந்தால் மாட்டுவேன் என்று ஒரு மாதமாகத் தூக்கமில்லை. காலையில் குப்பியைக் காணோம் என்றதும், கடவுளே வந்து திருடிவிட்டார் என்று நினைத்தேன்!"

தர்மினி மொழிபெயர்த்தாள்.

"கடவுள் இல்லை, நான்தான் எடுத்தனான்" என்றாள் மாமி. "சரி, பந்தி போட்டாச்சு. சாப்பிட்டிட்டு விலங்கைப் போடுங்கோ."

தர்மினி கண்ணைத் துடைத்துக்கொண்டு மாமியைக் கட்டிப்பிடித்தாள்.

அப்போது தக்சனின் போன் அலறியது. மறுமுனையில் மேரின்.

"தக்சன்! கிழவர் முன்கூட்டியே வந்துவிட்டார். மேசையில் இருந்த அந்தச் செம்பை எடுத்து முகர்ந்தார்... அழுகிறார்! 'இதுதான் என் சிலென்சியோ, என் அப்பா செய்த அதே மணம்' என்கிறார். முத்தம் கொடுக்கிறார். விடமாட்டேன் என்கிறார்!"

தக்சன் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தான். லொரென்சோ கேட்டார். குங்குமம் வழியும் நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

"அப்படியென்றால்... நான் மாட்டியிருக்கவே மாட்டேனா?!"

தொப்பென்று மயங்கி விழுந்தார்.

"என்னவாம் பிள்ளை?" மாமி கேட்டாள். மேரின் சோக்கால் கோடு போட்டதிலிருந்து எல்லாவற்றையும் தர்மினி சொன்னாள்.

மாமியின் முகம் முதல் தடவையாகக் கறுத்தது.

"தம்பி, கெதியா அந்தச் செம்பை வாங்குங்கோ! திங்கக்கிழமை கனகம்மான்ர கையில அது இல்லையெண்டால்... பிறகு உங்கட பொம்பிளைப் பொலிஸுக்குக் கோடு போடப் பிணமே கிடைக்கும்!"