தெருவே சேர்ந்து அழுத சாயங்காலம்

அந்த ஊரில் சிரிப்பு வந்தால் தலையணையைத் தேட வேண்டும். ஒவ்வொரு வீட்டிலும் கதவுக்குப் பக்கத்தில் ஒரு சிரிப்புத் தலையணை தொங்கும். முகத்தை அதில் புதைத்து ஆசை தீரச் சிரித்துவிட்டு, ஒன்றும் தெரியாதவர் மாதிரி திரும்பி வந்து உட்கார்ந்துகொள்ளலாம். தும்மலுக்கும் அதேதான்.

எல்லாம் சுவரில் பதித்திருந்த 'காது' என்ற கருவியால் வந்த வினை. வீட்டில் சத்தம் கூடினால் அதன் பச்சை விளக்கு மஞ்சளாகும். சிவப்பாகிவிட்டால் அமைதிக்காரர்கள் பஞ்சுச் செருப்புப் போட்டுக்கொண்டு வருவார்கள். சத்தம் போட்டவரை ஊருக்கு வெளியே இருக்கும் பஞ்சு வீட்டுக்குக் கூட்டிப்போவார்கள். வாயை அடக்கப் பழகிய பிறகுதான் திருப்பி அனுப்புவார்கள்.

சுண்டுவுக்கு இதெல்லாம் பிறந்ததிலிருந்தே பழக்கம். அவளுடைய தம்பி உருளைதான் இன்னும் பழகவில்லை. அவனுக்கு அப்போதுதான் பல் முளைத்துக்கொண்டிருந்தது. பல்லுக்கு ஊர்ச் சட்டம் தெரியுமா என்ன?

அன்று சாயங்காலம் உருளை வீல் என்று ஆரம்பித்தான். அம்மா தோளில் போட்டுத் தட்டினாள். கடிக்க ஈரத் துணி கொடுத்தாள். அவன் துணியைத் துப்பிவிட்டு இன்னும் உரக்க அழுதான். விளக்கு மஞ்சளானது.

"சிவப்பாச்சுன்னா இவனைக் கொண்டுபோயிடுவாங்கடி," என்று அம்மா கிசுகிசுத்தாள். "பேசவே தெரியாதவன் எப்ப வாயை அடக்கக் கத்துக்குவான்? எப்பத் திரும்பி வருவான்?"

விளக்கையே பார்த்துக்கொண்டிருந்த சுண்டுவுக்குத் திடீரென்று ஒரு சந்தேகம் வந்தது.

"அம்மா, ஆலங்கட்டி மழை பெஞ்சப்போ கூரையெல்லாம் தடதடன்னு அதிர்ந்துச்சே. அப்ப மட்டும் விளக்கு ஏன் பச்சையாவே இருந்துச்சு?"

"அது எல்லா வீட்டுலயும் ஒண்ணா விழுந்த சத்தம். பக்கத்து வீடுகளைவிட நம்ம வீடு தனியாக் கேட்டாத்தான் இது பிடிக்கும்."

"அப்போ தெருவே சேர்ந்து அழுதா?"

அம்மா அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "நமக்காக யாருடி அழுவா?"

"கேட்டாத்தானே தெரியும்," என்று சுண்டு ஓடினாள்.

பக்கத்து வீட்டில் கடிகாரக்காரர் இருந்தார். கடிகாரங்களிலிருந்து டிக் டிக் சத்தத்தை எடுத்துவிடுவதுதான் அவர் தொழில்.

"மாமா, கொஞ்சம் அழணும்."

"யாரு?"

"நீங்கதான்."

அவர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார். சுண்டு மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னாள்.

"உங்க அத்தை செத்துப்போனப்போகூடத் தலையணைக்குள்ளதாம்மா அழுதேன். வெளிய அழுற பழக்கமே விட்டுப்போச்சு," என்றார் அவர். பிறகு தன் வீட்டுக் காதைப் பார்த்தார். "நான் அழுது, மத்தவங்க யாரும் அழலைன்னா என்னையும்தானே பிடிச்சிட்டுப் போவாங்க?"

இல்லை என்று சொல்லிவிடலாமா என்று சுண்டு ஒரு நொடி நினைத்தாள். ஆனால் பொய் சொல்ல மனசு வரவில்லை.

"ஆமா மாமா."

அவர் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தார். தொண்டையைச் செருமினார். "ஊ..." என்றார். துருப்பிடித்த கதவைத் திறந்தது போல இருந்தது. அடுத்த முறை இன்னும் பலமாக வந்தது. அவர் வீட்டு விளக்கும் மஞ்சளானது. அவர் நிறுத்தவில்லை.

எதிர்வீட்டுப் பெரியம்மா வாசலில் நின்று கிசுகிசுப்பாகவே கோபப்பட்டாள். "என்னடி கூத்து இது?"

சுண்டு சொன்னதைக் கேட்டு முகத்தைச் சுளித்தாள். "அழுகையெல்லாம் எனக்கு வராது. வேணும்னா திட்டுறேன். பரவாயில்லையா?"

"தாராளமாத் திட்டுங்க பெரியம்மா."

பெரியம்மா முதலில் விளக்கைத் திட்டினாள். அப்புறம் அதைப் பொருத்தியவனைத் திட்டினாள். அவள் குரல் தெருக்கோடிவரை போனது. ஒரு ஜன்னல் திறந்தது. யாரோ தட்டைத் தட்டினார்கள். யாரோ ஊளையிட்டார்கள். சுண்டு வீடு வீடாக ஓடிக் கெஞ்சினாள். கொஞ்ச நேரத்தில் தெருவே ஓலமிட்டது.

சுண்டு வீட்டுக்குள் பாய்ந்தாள். விளக்கு பச்சையாக இருந்தது. உருளை அழுகையை மறந்து, வாயைப் பிளந்து, தெருச் சத்தத்தை ரசித்துக்கொண்டிருந்தான். அம்மா அவனை இறுக்கிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள்.

நன்றி சொல்லச் சுண்டு கடிகாரக்காரரிடம் போனாள். "தம்பி நிறுத்திட்டான் மாமா. போதும்."

அவர் நிமிர்ந்தார். கன்னமெல்லாம் நனைந்திருந்தது.

"கொஞ்சம் இரும்மா. எனக்கு இப்பத்தான் நிஜமா வருது."

வெளியே மற்ற வீடுகளில் சத்தம் குறையத் தொடங்கியிருந்தது. அவர் குரல் மட்டும் தனியாகக் கேட்டுவிடுமே என்று நினைத்த சுண்டு, தெருப்பக்கம் திரும்பி, "யாரும் நிறுத்தாதீங்க, இன்னும் ஒருத்தர் பாக்கி இருக்காரு," என்று கத்தினாள். பிறகு அவர் பக்கத்தில் உட்கார்ந்து, தன்னால் முடிந்த மட்டும் உரக்க அழ ஆரம்பித்தாள்.