பூஞ்சை பிடித்த படுக்கையறை

ஜெர்மனியின் டோர்ட்மண்ட் நகரம், ஜனவரி, காலை பதினொரு மணி. வீட்டுக்காரர் கெரோல்ட் தன் வாடகைக்காரியின் படுக்கையறையில் குப்புறக் கிடந்தார். பின்மண்டையைச் சுத்தியல் பிளந்திருந்தது. கறுப்பாகப் பூஞ்சை அப்பிய சுவரில் புதிதாக ஓர் ஓட்டை. உதிர்ந்த காரை ரத்தத்தில் ஊறிக் கிடந்தது. ஜன்னல் விரியத் திறந்திருந்தது.

பிணத்தை முதலில் பார்த்தவள் அங்கே குடியிருக்கும் இல்கா. மூச்சிழுப்பு வந்த மகளை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு மாற்றுத்துணி எடுக்க நடந்தே வந்ததாகச் சொன்னாள். வழியில் அவளைப் பார்த்தவர் யாருமில்லை. முந்தின நாள் மாடிப்படியில் நின்று, பிள்ளைக்கு ஏதாவது ஆனால் உயிரோடு விடமாட்டேன் என்று கெரோல்டிடம் கத்தியதை மட்டும் கட்டடமே கேட்டிருந்தது. கைது செய்தால் குழந்தையை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று ஒரு போலீஸ்காரர் கேட்டதும் அவள் உடைந்து அழுதாள்.

இன்ஸ்பெக்டர் ஹெட்விக்குக்கு அவசரக் கைது என்றாலே எரிச்சல். பூட்டு உடையவில்லை, சாவி இல்காவிடமும், வீட்டின் சொந்தக்காரர்களான கெரோல்ட், அவர் தம்பி இருவரிடமும்தான். ஜன்னலுக்குக் கீழே ஹீட்டர் திருகி அணைக்கப்பட்டிருந்தது. அதன் திருகில் ரத்தக்கறை, அதில் கையுறைத் தையலின் தடம். கறையைப் படமெடுத்த பிறகு ஹெட்விக் ஜன்னலைச் சாத்தி, திருகை முழுசாகத் திறந்துவிட்டாள்.

கீழ்வீட்டில் இருந்த தம்பி டெட்லெஃப் கோட்டோடு மேலே வந்தார். காலையிலிருந்து வெளியே தலைகாட்டவில்லையாம். இந்த வீட்டுக்குள் காலடி வைத்தே வருஷக்கணக்கு ஆகிறதாம். வீட்டை விற்க ஆள் பிடித்து வைத்திருந்தாராம். இந்தக் கொலையால் அது கெட்டுவிடுமே என்பதுதான் அவர் கவலை. கேட்காமலே பாடமும் நடத்தினார்.

"பூஞ்சைக்கு இவதான் காரணம் மேடம். ஹீட்டர அணைச்சுட்டு ஜன்னல விரியத் தொறந்து காத்து விடணும், எத்தன வாட்டி சொல்றது? ஹீட்டரெல்லாம் நல்லாத்தான் ஓடுது. போட்டாத்தானே? கஞ்சம்."

ஹெட்விக் ஹீட்டரைத் தொட்டுப் பார்த்தாள். இவ்வளவு நேரமாகியும் ஐஸ்கட்டியாக இருந்தது. இல்காவைத் திரும்பிப் பார்த்தாள்.

"அது நவம்பர்லயே செத்துப்போச்சுங்க. என்னிக்காவது சூடு வராதான்னு திருகத் தெறந்தே வச்சிருந்தேன். நேத்து சண்டையே அதுக்குத்தான். கடைசில அவரு, நீ வீட்ல இல்லன்னாலும் காலைல வந்து சுவத்த இடிச்சு ஹீட்டர் குழாயப் பாக்குறேன்னு ஒத்துக்கிட்டாரு."

ஹெட்விக் டெட்லெஃப் முன்னால் வந்து நின்றாள்.

"சுவத்த இடிச்சதுல தூசி கிளம்பியிருக்கு. கொன்னவருக்கு மூச்சு முட்டியிருக்கு. ஜன்னலத் தொறக்கப் போனவரு, ரத்தக் கையோட மொதல்ல ஹீட்டர அணைச்சிருக்காரு. பழக்கம் விடல. செத்த ஹீட்டர இவங்க எதுக்கு அணைக்கணும்? சாவி வச்சிருக்கறவங்கள்ல, அது ஓடுதுன்னு நெனச்சது நீங்க ஒருத்தர்தான் டெட்லெஃப்."

அவர் கோட்டுப் பையிலிருந்து கையுறையை உருவினார்கள். விரலெல்லாம் ரத்தம் காய்ந்திருந்தது.

"குழாய்தான் ஒழுகுது, தப்பு நம்மளுதுன்னு எல்லார்கிட்டயும் சொல்லிடறேன்னான் அண்ணன். சொன்னா எவன் வாங்குவான் இந்த வீட்ட?" என்ற டெட்லெஃப், சட்டென்று பாய்ந்து இல்காவின் கழுத்தைப் பிடித்தார். இரண்டு போலீஸ்காரர்கள் அவரைத் தரையில் மோதி அமுக்கினார்கள். உதடு கிழிந்து ரத்தம் கொட்டக் கொட்ட அவளைத் திட்டிக்கொண்டே போனார்.

இனி மகளிடம் போகலாம் என்றாள் ஹெட்விக். இல்கா கழுத்தைத் தடவியபடி அசையாமல் நின்றாள்.

"நாளைக்கு டிஸ்சார்ஜ் பண்ணிடுவாங்க. இங்கதான் கூட்டிட்டு வரணும். சரி பண்றேன்னவரு போய்ச் சேந்துட்டாரு, இவரு ஜெயிலுக்குப் போறாரு. இனிமே இந்தப் பூஞ்சைய நான் யார்கிட்டங்க போய்ச் சொல்றது?"