பூஜ்யத்துக்குக் கீழே

மார்ச் 11, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் இரண்டு மணி. மூடப்பட்ட சாயத் தொழிற்சாலையின் பின்சுவரை ஒட்டிய ஏழாம் எண் கண்காணிப்புக் கிணற்றின் தண்ணீரில், கரைப்பானின் அளவு பூஜ்யத்துக்குக் கீழே மூன்று என்று பதிவானது.

ஆய்வகக்காரர் தாளை இரண்டு முறை திருப்பிப் பார்த்துவிட்டு, மாதிரி கொண்டுவந்த பெண்ணிடம் நீட்டினார்.

"ஏம்மா, ஒண்ணுமே இல்லாததைவிடக் குறைவா இருக்கு. இந்தத் தண்ணியைக் குடிச்சா செஞ்ச பாவமெல்லாம் கரைஞ்சிடும்போல."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கிணறு கிணறாகப் போய் மாதிரி எடுத்து வருவது அவள் வேலை. ஒவ்வொரு முறையும் கிணற்றுப் புட்டிகளோடு சுத்தமான தண்ணீர் ஒரு புட்டியும் சோதனைக் கருவிக்குள் போகும். அதில் ஏதாவது தென்பட்டால் கருவியின் அழுக்கு என்று கொண்டு, மற்ற எல்லாவற்றிலிருந்தும் கருவியே கழித்துவிடும். அந்தப் புட்டிக்குக் காய்ச்சி வடித்த நீர் வேண்டும். இரண்டு வருடமாக அலுவலகத்துக்கு அது வரவில்லை. கேட்டுக் கேட்டு ஓய்ந்தபின், தன் வீட்டுச் சமையலறைக் குழாயில் பிடித்து வரத் தொடங்கினாள். தொழிற்சாலை பள்ளத்தில் இருந்தது, வீடு நான்கு கிலோமீட்டர் தள்ளி மேட்டில். குடிவந்த புதிதில் அவளே சோதித்துப் பார்த்த தண்ணீர். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லும்படியான விஷயமாகவும் படவில்லை.

கிணறு சுத்தமாகவில்லை. கழிக்கிற தண்ணீர், அவள் வீட்டுத் தண்ணீர், அழுக்கில் கிணற்றை முந்திவிட்டது.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் தண்ணீர் மேடேறாது என்று தனக்குள் சொல்லிக்கொண்டே வந்தாள். தெருமுனையில் நின்றாள். புதிய அடுக்குமாடிகள் பதினொன்று. பதினொன்றிலும் ஆழ்துளைக் கிணறு. காலடியில், சாலைக்கு வெகு கீழே, மோட்டார்கள் பள்ளத்து நீரை மேலே இழுக்கும் முனகல் பாதத்தின் வழியாக முழங்கால்வரை ஏறியது. இத்தனை நாள் அதைப் போக்குவரத்தின் அதிர்வு என்று நினைத்திருந்தாள்.

கதவைத் திறந்ததும் அந்த வாசனை. கனிந்து அழுகத் தொடங்கிய பழமும் நகப்பூச்சும் கலந்த இனிப்பு, குளியலறையின் வெந்நீர் ஆவியோடு கூடத்துக்கு வந்து, திரைச்சீலையிலும் தலையணை உறையிலும் படிந்து, சுவரோரம் தரை விரிசலிலிருந்து புதிதாகவும் கசிந்துகொண்டிருந்தது. மண்ணுக்குள் இருப்பது தண்ணீராக மட்டும் வருவதில்லை, காற்றாகவும் வரும் என்று பயிற்சி வகுப்புகளில் அவளே படம் வரைந்து காட்டியிருக்கிறாள். ஒரு வருடமாக இந்த வாசனைக்கான பழியைக் கணவன் அவள் வேலை உடுப்பின்மேல் போட்டான். அவளும் நம்பித் தனியாகத் துவைத்தாள், இதே தண்ணீரில்.

குளியலறையில் ஐந்து வயது மகள் பாடிக்கொண்டிருந்தாள். ஆவி கதவிடுக்கில் வெளியே வழிந்தது.

உள்ளே பாய்ந்து குழாயை மூடினாள். குழந்தையை அப்படியே துண்டில் சுருட்டித் தூக்கினாள்.

"அம்மா, சோப்பு போகலையே."

"பரவாயில்லடா கண்ணு."

கணவன் எழுந்து வந்தான். அவள் சொன்னதைப் பாதிவரை கேட்டுவிட்டு, வேலையை வீட்டுக்குத் தூக்கி வருவதற்கும் ஓர் அளவு உண்டு என்றான். அப்புறம் அவள் முகத்தைப் பார்த்தான். அலமாரியிலிருந்து பெட்டியை எடுத்தான்.

கிளம்பும்முன் குழாய்த் தண்ணீரைப் புட்டியில் பிடித்தாள். காற்று பிடிக்கும் பை ஒன்றை மகளிடம் கொடுத்து ஊதச் சொன்னாள். பலூன் என்று நினைத்துக் குழந்தை கன்னம் உப்ப ஊதியது.

மறுநாள் ஆய்வகக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் திட்டவில்லை. இரண்டு வருடமாக 'குடிக்கலாம்' என்று முத்திரை குத்திய தாள்கள் அடுக்கியிருந்த அலமாரியை ஒருமுறை பார்த்தார். வேறு ஊரிலிருந்து வடித்த நீர் வரவழைத்துக் கருவியைத் திருத்திவிட்டு ஓட்டினார். குழாய்த் தண்ணீரில் கரைப்பான் இருந்தது. ஏழாம் கிணற்றின் வாயில் அன்று காலை அவள் பிடித்த காற்று: பதினொன்று. குழந்தையின் மூச்சு: பதினெட்டு.

"நல்ல காத்துல இருந்தா ரெண்டு மூணு நாள்ல தானா வெளியேறிடும்மா," என்றார். "உடம்பு அதைப் பிடிச்சு வச்சுக்காது."

மருத்துவரும் அதையே சொன்னார். அடுத்த நகரத்தில், மலைச்சரிவில், நான்காவது மாடியில் ஒரு விடுதி அறை எடுத்தார்கள். அடைத்து விற்கும் தண்ணீர். நாள் முழுக்கத் திறந்த ஜன்னல்கள். உள்ளே நுழைந்ததும் அவள் அறைக் காற்றை ஒரு பையில் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினாள். பூஜ்யம்.

இரண்டாம் நாள் மகளின் மூச்சு: இருபத்தொன்று.

கருவியில் கோளாறு என்றான் கணவன். தன் மூச்சையும் ஊதிக் கொடுத்தான். அவனுடையது இறங்கியிருந்தது. அவளுடையதும்.

மூன்றாம் நாள்: இருபத்தேழு.

குழந்தை ஓடியது. விளையாடியது. பசிக்கிறது என்றது. அவள் மேலே கவிழ்ந்து குழந்தையின் கழுத்தை முகர்ந்தாள். பழம். நகப்பூச்சு. ஜன்னலை இன்னும் அகலத் திறந்தாள். காற்று வந்தது. வாசனை போகவில்லை. பக்கத்து அறைக்காரி கதவைத் தட்டி, எதற்காவது வண்ணம் பூசுகிறீர்களா, தலை வலிக்கிறது என்று கேட்டாள். இல்லை என்றாள்.

நான்காம் நாள் விடியலில், மகள் தூங்கும்போது, கட்டிலிலிருந்து ஆறடி தள்ளி நின்று அறைக் காற்றை மறுபடியும் பிடித்தாள். பையின் வாயை இறுகக் கட்டினாள். குழந்தையின் மார்பு ஏறி இறங்கியது. ஏறி இறங்கியது.

ஏழாம் கிணற்றின் வாயில் பதினொன்று. அறைக் காற்று: பன்னிரண்டு.